வாத்துக் கூட்டம் எழுந்தபோது

கோதை ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சாத்தூர் காராசேவுப் பொட்டலம். ஒவ்வொரு சேவாக எடுத்து, முழுசாக இருந்தால் தன் வாயில் போட்டுக்கொண்டாள். உடைந்திருந்தால் எனக்குக் கொடுத்தாள்.

காலை வெயிலில் இன்னும் சூடு ஏறவில்லை. கரையோரத்து இலவ மரம் ஒரு இலைகூட இல்லாமல் சிவப்பாகப் பூத்திருந்தது. தண்ணீருக்குள் கருவேல மரங்கள் நின்றன. அவற்றுக்கு அப்பால் திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறத்தில் கிடந்ததை நான் மண் என்றே நினைத்தேன். மண் இல்லை, வாத்துகள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏரியை ஒரு முறை இடமிருந்து வலமாகப் பார்த்தார்.

"நம்ம கண்மாய் மாதிரிதான இருக்கு. கருவேல மரமும் தண்ணியும். இதுக்கா இம்புட்டுத் தூரம் ரயில்ல வந்தோம்?"

என் மகள் கோதைக்கு அப்போது இரண்டரை வயது. அதுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை. ராஜபாளையத்துக்காரர்களான நாங்கள் அந்தக் கரையில் போய் உட்கார்ந்திருந்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

இந்தத் தொடரில் இதுவரை மில் சங்கு, தண்ணீர்க் குழாய்ச் சண்டை, புகுந்த வீட்டுச் சமையல் என்று ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். "நீங்கள் செங்கோட்டை பாசஞ்சரைத் தாண்டி எதிலும் ஏறியதில்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஏறியிருக்கிறேன் தாயே. ஏறியதைச் சொல்லத்தான் இத்தனை வாரம் தயங்கினேன்.

தறி நின்றால் எழுந்துகொள்வாள்

எண்பதுகளின் நடுப்பகுதி. என் வீட்டுக்காரர் ராணுவத்தில் லாரி ஓட்டினார். ஆக்ராவில் வேலை. வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். புகுந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், பிறந்த வீடு ராஜபாளையம். இரண்டுக்கும் நடுவே டவுன் பஸ்ஸில் நான் பந்தாடப்பட்டுக்கொண்டிருந்தேன். கோதை பிறந்த பிறகு பெரும்பாலும் அப்பா வீட்டிலேயே இருந்தேன்.

அப்பா மில்லில் பிட்டர். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து விசைத்தறிக் கூடத்துக்கும் ஒரே சுவர். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி அங்கே ராப்பகலாக ஓடும். தறி ஓடினால் எங்கள் வீட்டுத் தரை அதிரும். அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடு ஒன்று இடித்து முணுமுணுக்கும். பாயில் படுத்தால் அந்த அதிர்வு முதுகெலும்பு வரைக்கும் வந்து சேரும். எங்களுக்கு அது பழகிப்போய், தறி ஓடாவிட்டால்தான் தூக்கம் கெடும்.

கோதையும் அப்படித்தான். கரண்டு போய்த் தறி நின்றதும் சட்டென்று முழித்துக்கொள்வாள். திரும்ப ஓடத் தொடங்கினால் சுவர்ப்பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். வாசலில் யாராவது தடதடவென்று நடந்து வந்தால் வருகிறவரை முன்னாலேயே எட்டிப் பார்ப்பாள். இதையெல்லாம் பார்த்த பிறகு அவளுக்குக் காதில் கோளாறு என்று யார் நினைப்பார்கள்? பாம்புக் காது என்று தெருவே மெச்சியது.

"பேச்சுதான் வரல, அது வரும்" என்றார்கள். அவள் அப்பாவுக்கே நாலு வயதில்தான் பேச்சு வந்ததாம். என் மாமியார் சொன்னது. அதற்காகச் செய்யாத வைத்தியம் இல்லை. வசம்பை உரசி நாக்கில் தடவினோம். கோயிலில் மணி வாங்கிக் கட்டினோம். குருவி கடித்த கொய்யாப்பழத்தைத் தேடிக் கொடுத்தோம். எல்லாவற்றையும் கோதை சமர்த்தாக விழுங்கிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். "பிள்ளைக்குப் பேச்சு வரலைன்னு வெளிய மூச்சு விட்றாதட்டி. வீட்டுல ஒரு கொறைன்னு தெரிஞ்சா வார சம்பந்தம் நின்னுரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கோதை வீட்டில் நன்றாகப் பேசுகிறாள், ஆட்களைக் கண்டால்தான் கூச்சம் என்று ஒரு கதையும் கட்டித் தந்தார். அந்தக் கதையை நானும் சரளமாகச் சொல்லப் பழகிவிட்டேன். பால்கோவா கடைக்கார அக்கா கேட்டால்கூட, "இப்பத்தான் அக்கா வீட்டுல வாய் ஓயாம பேசிட்டு வந்தா" என்பேன்.

(நாத்தனாருக்குக் கல்யாணம் நன்றாகவே நடந்தது. பதறுகிறவர்களுக்காக அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.)

சாக்கும் பித்தளைத் தட்டும்

இங்கே நாய்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ராஜபாளையம் நாய் என்றால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. பக்கத்துத் தெருவில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். அங்கிருந்து ஒரு பெட்டைக் குட்டியை வாங்கி வந்து அப்பாவும் தொடங்கினார். அதனால் எங்கள் வீட்டு நாய்களுக்குத் தெலுங்குதான் தாய்மொழி. 'ரா' என்றால் ஓடி வரும். 'வா' என்றால் படுத்தபடியே வாலை ஆட்டும்.

அந்த வெள்ளை நிறத்தோடு கூடவே ஒரு வினையும் வரும். ஈத்துக்கு ஒன்றிரண்டு குட்டி காது கேட்காமல் பிறந்துவிடும். பார்த்தால் தெரியாது. மற்ற குட்டிகளோடு முண்டியடித்துப் பால் குடிக்கும், விளையாடும், கடிக்கும். அதனால் குட்டிகளுக்குக் கண்ணும் காதும் திறந்ததும் அப்பா ஒரு சோதனை வைப்பார்.

குட்டிகளைக் கூடையில் தூக்கிக்கொண்டு தறிக்கூடத்துச் சத்தத்தை விட்டு விலகி, சஞ்சீவி மலையடிவாரத்துக்குப் போவார். வீட்டில் வைத்துப் பார்க்க மாட்டார். "இந்தத் தரை பொய் சொல்லும்" என்பார். போன இடத்திலும் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல்தான் குட்டிகளை விடுவார். அவை தூங்கியதும், நிழல் விழாத பக்கமாகப் பின்னால் போய் நின்று பித்தளைத் தட்டில் கரண்டியால் ஒரு தட்டு. கேட்கிற குட்டி துள்ளி எழும். கேட்காதது அப்படியே தூங்கும்.

நானும் சின்ன வயதில் அந்தச் சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தூங்கிக்கொண்டே இருக்கும் குட்டிதான் எனக்குப் பிடிக்கும். நல்ல குணம், எதற்கும் அலட்டிக்கொள்ளவில்லை என்று நினைப்பேன். மறுநாள் காலையில் அந்தக் குட்டி கூடையில் இருக்காது. கேட்டால், கூமாப்பட்டியில் ஒரு தோப்புக்காரருக்குக் கொடுத்துவிட்டதாக அப்பா சொல்வார். ஒரு வயதுக்கு மேல் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். குட்டியைக் கொன்றுவிடுகிறார்கள், தோப்பு என்பது எனக்குச் சொல்கிற சமாதானம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

தரை பொய் சொல்லும் என்று தெரிந்த வீட்டில், தறி நின்றால் பிள்ளை முழிக்கிறாள் என்று அத்தனை பேரும் பூரித்துப்போய்க் கிடந்தோம். இதை எங்கே போய்ச் சொல்வது? நாய்க்குட்டியைப் பார்க்கிற கண் வேறு, பேத்தியைப் பார்க்கிற கண் வேறு போலிருக்கிறது.

வடக்கே

மாசி முடிகிற சமயத்தில் வீட்டுக்காரருக்கு ஆக்ராவில் குடும்பத்தோடு தங்க வீடு கிடைத்தது. சில மாதம் வந்து இரு என்றார். ஆண்டாள் திருக்கல்யாணம் பார்க்காமல் கிளம்புகிறாளே என்று மாமியார் முகத்தைத் தூக்கினார். சின்னப் பிள்ளையோடு தனியாக அனுப்ப முடியாது என்று அப்பா மில்லில் லீவு சொல்லிவிட்டுத் துணைக்கு வந்தார்.

மதுரையில் ஏறி, மெட்ராஸில் மாறி, டெல்லி வண்டியில் போனோம். பால்கோவா ஓலைப்பெட்டியில் நாக்பூர் வரை நல்ல வாசனை வந்தது. நாக்பூருக்கு மேல் வேறு வாசனை வந்தது. என் வீட்டுக்காரரின் சிநேகிதர்களுக்கு அதை எப்படிக் கொடுப்பது என்று நான் கவலைப்பட, அப்பா போபாலில் ஒரு நாய்க்குப் போட்டுவிட்டு வந்தார். அதுவும் யோசித்துவிட்டுத்தான் சாப்பிட்டதாம்.

ஆக்ராவில் இறங்கியதும் என் வீட்டுக்காரர் கோதையைத் தூக்கி, "அப்பா சொல்லு, அப்பா" என்றார். அவள் அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள். அவர் முகம் விழுந்துவிட்டது. அன்று சாயங்காலமே தீர்ப்பு வாசித்தார். நாங்கள் அதிகமாகச் செல்லம் கொடுக்கிறோமாம். கையைக் காட்டினாலே வேண்டியது கிடைத்துவிடுவதால் பிள்ளைக்கு வாயைத் திறக்கும் தேவையே வரவில்லையாம். லாரி ஓட்டுகிற மனிதருக்கு இத்தனை ஞானம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

பிறகு தன் திட்டத்தைச் சொன்னார். ஆக்ராவிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் பரத்பூர். அங்கே பெரிய ஏரி. குளிர்காலத்தில் இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கில் பறவைகள் வந்து தங்குமாம். வெயில் ஏறத் தொடங்கியதும் திரும்பிப் போய்விடுமாம். அதிகாரிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது இவர் பார்த்திருக்கிறார்.

"அம்புட்டு வாத்தும் ஒண்ணா எந்திரிச்சுக் கத்துனா காது கிழிஞ்சு போகும். அதக் கேட்டா ஊமைக்கும் வாய் தொறக்கும். இவ பேசிருவா பாரு."

ஊமை என்ற வார்த்தையை இன்னொரு தரம் சொன்னால் அடுத்த வண்டியில் திரும்பிவிடுவேன் என்றேன். ஆனாலும் மறுநாள் விடிவதற்குள் புளிசாதம் கிளறிக் கேரியரில் அடைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் அந்த ஆசை இருந்தது. வசம்பை நம்பியவள் வாத்தை நம்பக் கூடாதா?

கழுகு வந்தது

கரையில் வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. வாத்துகள் திட்டுகளில் படுத்துக் கிடந்தன. அருகில் வந்த ஒன்றிரண்டின் வெள்ளைத் தலையில் கறுப்பு வரிகள் தெரிந்தன. எல்லாம் கிளம்பிப் போகப்போகிற பறவைகள், அதனால் இப்போது ஓயாமல் தின்னும் என்று எங்களை ஏற்றி வந்த ரிக்‌ஷாக்காரர் சொன்னதாக என் வீட்டுக்காரர் தமிழில் சொன்னார். அப்பா கோதையைப் பார்த்துவிட்டு, இவளும் எங்கேயோ கிளம்பப்போகிறாள் போலிருக்கிறது என்றார். நாங்கள் சிரித்தோம்.

அப்போது ஒரு பெரிய கழுகு எங்களுக்குப் பின்னாலிருந்து வந்து தண்ணீருக்கு மேலே போனது. இரண்டு வாத்துகள் கழுத்தை நிமிர்த்தின. அடுத்த கணம் திட்டு மொத்தமும் எழுந்தது.

அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மில்லில் ஷிப்டு தொடங்கும்போது ஒரு கூடம் முழுக்க இயந்திரங்கள் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளுமே, அதைத் திறந்தவெளியில் வைத்ததுபோல் இருந்தது. இறக்கை அடிப்பது ஒரு பக்கம், கத்தல் ஒரு பக்கம். நான் காதைப் பொத்திக்கொண்டேன். எங்களுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தின் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. ரிக்‌ஷாக்காரர்கூட எழுந்து நின்றுவிட்டார்.

கோதை பொட்டலத்துக்குள் கைவிட்டு ஒரு சேவை எடுத்தாள். முழுசாக இருக்கிறதா என்று பார்த்தாள். வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்தக் கரை மண் மெத்தென்று இருந்தது. அதில் எந்த அதிர்வும் இல்லை. அந்தச் சத்தத்துக்குக் காதைத் தவிர வேறு வழி இல்லை.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வாத்துகளைப் பார்க்கவில்லை. கோதையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சாக்குக்குப் பின்னால் நின்று பார்க்கிற பார்வை.

வாத்துகள் வட்டமடித்து எங்கள் தலைக்கு மேல் வந்தன. மண்ணிலும் பொட்டலத்திலும் நிழல்கள் ஓடின. கோதை அண்ணாந்தாள். வானம் நிறைய இறக்கைகளைக் கண்டதும் அவள் முகம் முழுக்கச் சிரிப்பானது. எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

"பாத்தியா, திரும்பிட்டா. கேட்டுருச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்பா மெல்லச் சொன்னார். "நெழலப் பாத்துத் திரும்புதா, மாப்ளே."

கேரியர் மூடி

வாத்துகள் ஏரியின் தொலைவில் இறங்கி அடங்கின. கோதை மறுபடி உட்கார்ந்து சேவைத் தேடினாள். அப்பா கேரியரின் மூடியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து, நிழல் விழாதபடி அவளுக்குப் பின்னால் போனார்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "வேண்டாம்ப்பா. எம் பிள்ள நாய்க்குட்டி இல்ல."

அப்பா அப்படியே நின்றார். மூடியைக் கீழே வைக்கவும் இல்லை, தட்டவும் இல்லை. அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கியது என் வீட்டுக்காரர்தான். மாமனாருக்கு நிரூபித்துக் காட்டுகிற வேகத்தில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு பலமாகத் தட்டினார். பிறகு வெறி பிடித்தவரைப்போலத் தட்டினார். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். கழுத்தில் தொலைநோக்கி மாட்டியிருந்த ஒரு வெள்ளைக்காரர், பறவைகள் போய்விடும் என்று கையால் சைகை காட்டிக் கோபப்பட்டார். கோதை மட்டும் திரும்பவில்லை.

அவர் மூடியைக் கீழே போட்டுவிட்டுக் கரையோடு நடந்து போய்விட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. தறியின் மேல், தரையின் மேல், வசம்பின் மேல், எல்லாவற்றின் மேலும் வந்தது. கடைசியில் அப்பாவின் மேல் போய் நின்றது. இருபது வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"கேக்காத குட்டிகள எல்லாம் என்னப்பா செஞ்சீக?"

அப்பா கீழே கிடந்த மூடியை எடுத்து மண்ணைத் துடைத்தார். "மொத ஈத்துல, எல்லாரும் செய்யுதத நானும் செஞ்சேன். ஒரு குட்டி. அது கண்ணுல நின்னுக்கிட்டே இருந்துச்சு. பொறவு ஒண்ணக்கூட சாக விடல. கூமாப்பட்டித் தோப்புக்குத்தான் குடுத்தேன். உங்கிட்ட சொன்னதெல்லாம் நெசம்தான், தாயி."

அங்கே இப்போதும் மூன்று நாய்கள் தோப்பைக் காப்பதாகச் சொன்னார். கையைக் காட்டினால் வருமாம். தரையை மிதித்தால் திரும்புமாம். பன்றி எதுவும் உள்ளே நுழைய முடியாதாம். நாயையும் பிள்ளையையும் ஒன்றாகப் பேசுகிறாரே என்று எனக்கு மறுபடி எரிச்சல் வந்தது. அதை அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"நாயச் சொல்லலம்மா. அந்தத் தோப்புக்காரரச் சொல்லுதேன். அவரு பின்னால நின்னு கூப்பிடவே மாட்டாரு. முன்னால போய் நின்னுக்கிடுவாரு."

எத்தனை நாள் நான் அடுப்படியில் நின்றுகொண்டு அவள் முதுகோடு பேசியிருக்கிறேன். சோறு ஊட்டும்போது நிலாவைப் பார்த்துக் கதை சொல்லியிருக்கிறேன். இருட்டில் தாலாட்டியிருக்கிறேன். அத்தனையும் அவளிடம் போய்ச் சேரவே இல்லை.

நான் சுற்றிக்கொண்டு போய்க் கோதைக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தேன். "கோதை" என்றேன். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள். இன்னொரு முறை சொன்னேன். அவள் காராசேவு எண்ணெய் பட்ட விரலை நீட்டி என் உதட்டின் மேல் வைத்தாள். நான் சொல்லச் சொல்ல அந்த விரல் அங்கேயே இருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆனால் அது துக்கம் மட்டும் இல்லை. இத்தனை நாளும் அவள் கேட்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்திருக்கிறாள். எங்களுக்குத்தான் பேசத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. மகளுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். எங்களிடம் சொல்லவில்லை, அவளிடம் சொன்னார்.

வெளிப்பக்கம்

அப்பா தனியாக ஊர் திரும்பினார். நாங்கள் ராணுவ ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து டெல்லிக்குமாக அலைந்தோம். கொஞ்சம் கேட்கும் சக்தி மிச்சம் இருக்கிறது, மிஷின் வைத்து, முகம் பார்த்துப் பேசிப் பழக்கினால் பேச்சு வரும் என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் அந்த அம்மாள் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தே பாதி புரிந்துவிட்டது.

அந்தக் காலத்து மிஷின் சோப்பு டப்பா அளவு இருக்கும். அதை மார்பில் மாட்டி, அங்கிருந்து ஒயர் காதுக்குப் போகும். கோதை அதை முதல் வாரம் முழுக்கப் பிடுங்கி எறிந்தாள். இரண்டு தடவை தண்ணீர் வாளிக்குள் போடப் பார்த்தாள். பிறகு ஒருநாள் காக்கா கத்தியபோது ஜன்னல்பக்கம் போய் நின்றாள். அதற்குப் பிறகு தூங்கும்போதுதான் கழற்ற விட்டாள்.

கோடை முடிவதற்குள் முதல் சொல்லும் வந்தது. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. "போ" என்றாள். சமையற்கட்டுக்குள் வந்த என்னைப் பார்த்துத்தான். நான் நாள் முழுக்க எதை அதிகமாகச் சொல்கிறேன் என்று ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது.

நாத்தனார் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நாங்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். மிஷினைச் சட்டைக்கு உள்ளே தொங்கவிட்டு அனுப்புங்கள், கல்யாணம் முடிகிறவரை வெளியே தெரிய வேண்டாம் என்று மாமியார் அப்பாவின் கடிதத்தில் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கும் அது சரி என்றே பட்டது. காலர் வைத்து, சுருக்கு வைத்து, ஒயர் தெரியாமல் ஒரு கவுன் தைக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் தன் பழைய யூனிபார்ம் சட்டையை எடுத்தார். மார்புப் பையை அப்படியே, மூடியும் பித்தளைப் பொத்தானுமாக வெட்டி எடுத்தார். ராணுவத்தில் பொத்தான் தைக்கத் தெரியாதவர் கிடையாது. சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோதையின் மஞ்சள் கவுனில் நட்டநடு மார்பில் அந்தப் பச்சைப் பையை வைத்துத் தைக்கத் தொடங்கினார்.

"உள்பக்கமா வச்சுத் தைக்கலாமே. யாருக்கும் தெரியாதுல்ல" என்றேன்.

அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சட்டைப்பைய எதுக்குட்டி உள்ள வைக்கணும்? நானென்ன திருட்டுக் காசா அதுல வைக்கப்போறேன்?"

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது சாயங்காலமாகிவிட்டது. மாமியார் காத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் பால்கோவா கடைக்கார அக்காவும் இன்னும் இரண்டு தெருக்காரர்களும் இருந்தார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் என்றால் கூட்டம் கூடாதா என்ன? மஞ்சள் கவுனில் பச்சைப் பை முதலில் அக்கா கண்ணில்தான் பட்டது.

"என்ன, பாப்பா மார்ல ரேடியோவா?" என்று கேட்டார்.

மாமியார் என்னைப் பார்த்தார். 'ஆமாம் அக்கா, அவ அப்பா வாங்கித் தந்தாரு' என்று ஒரு பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அப்படிப்பட்ட பதில்களில்தான் எனக்கு நல்ல பழக்கம் ஆயிற்றே. என் வீட்டுக்காரர் பெட்டியை இறக்கப் பின்னால் போயிருந்தார். சொல்ல வேண்டியவள் நான்தான்.

"இல்லக்கா. கோதைக்குக் காது கேக்காது. அதுக்கான மிஷினு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மதுரை பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற கண்டக்டர் பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாமியார் கோதையைத் தூக்கக் கையை நீட்டினார். தூக்கி மார்போடு அணைக்கப்போனவர் சட்டென்று நிறுத்தி, அவளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பச்சைப் பையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இறுக்கிப் பிடிச்சா இது அமுங்கிறாதே?" என்று என்னிடம் கேட்டார்.

அமுங்காது அத்தை என்றேன்.